என் கடுகு மட்டும் வயசுக்கு வரவில்லை

எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்க ஒரு நொடி போதும். தொட்டியில் போட்ட கடுகைப் பூக்க வைப்பதற்குள் நம் உயிர் பாதி போய்விடும். அந்தப் பாதி உயிர்தான் எங்கள் தொழில். கடுகைத் தாளிக்கும் கரண்டியில் மட்டும் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் சிரித்தேன்.

போர்ட் பிளேரைத் தாண்டி கராச்சர்மா பக்கம் ஒரு விவசாய ஆராய்ச்சிக் கூடம். கடுகு எப்போது பூக்கிறது, ஏன் அப்போது பூக்கிறது என்று அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, தொட்டி மாற்றுவது, சொன்ன நேரத்துக்கு இலை கிள்ளிக் கொடுப்பது என் வேலை. தெற்கே இன்னொரு தீவில், ஹட் பே பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் நான் படித்த படிப்பு இதற்குத் தாராளம். என்னோடு இன்னொருத்தி ஷிப்ரா தீதி, வடகோடி டிக்லிபூர் பெங்காலி, என்னைவிட மூத்தவள் என்பதால் தீதி, நம் அக்கா. செடி வளர்க்க ஒரே மாதிரி இரண்டு அறை, ஆளுக்கு ஒன்று. சேர்ந்த வாரமே ஒரு பேச்சு காதில் விழுந்தது: இந்த ப்ராஜெக்ட் முடிந்ததும் அடுத்ததற்கு எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வார்களாம்.

வேலை போனால் எனக்குக் கப்பல்தான். என் வீட்டுக்காரர் சாத்தம் படகுத்துறையில் பம்பூஃப்ளாட் போகிற ஃபெர்ரிக்குக் கயிறு கட்டுகிறார். அவர் சம்பளத்தை மட்டும் நம்பி இங்கே வாடகை வீட்டில் இருக்க முடியாது. நானும் மகள் கயலும் ஹட் பேக்கு, மாமியார் வீட்டுக்கு, மூட்டை கட்டவேண்டியதுதான். அவர் இங்கே தனியாகப் பருப்பு வேகவைத்துக் கொண்டிருப்பார். ஆகவே, பக்கத்து மேசைக்காரியை மேனேஜர் பாராட்டும்போது தண்ணீர் குடிப்பதுபோல் நடித்தவர்களே, பக்கத்துக் கடையில் கூட்டம் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஈ ஓட்டியவர்களே, வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

லோக்கல் சரக்கு

முதல் நாள் டாக்டர் மேடம் தொட்டிகளைப் பிரித்துக் கொடுத்தார். மேடம் கேரளத்துக்காரர், தமிழ், ஹிந்தி, மலையாளம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஷிப்ரா தீதியின் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் சீட்டு, அதில் ‘E’ என்று ஆங்கில எழுத்து. என் தொட்டிகளில் ‘L’. என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கலாம். புதிதாகச் சேர்ந்த இடத்தில் முதல் நாளே ஒன்றும் தெரியாதவள் என்று காட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். கடையில் நல்ல முந்திரியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்பார்கள் அல்லவா? அந்த எக்ஸ்போர்ட்தான் ‘E’. மிச்சம் மீதி நம் ஊருக்கு. அது லோக்கல், ‘L’.

பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. அவள் செடி விறுவிறு என்று நிமிர்ந்தது. என் செடி முள்ளங்கிக் கீரை மாதிரி தரையோடு தரையாக இலையைப் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் கண்டுபிடிப்பை ஷிப்ரா தீதியிடம் சொன்னேன். தனக்கும் தெரியாது என்று சொல்வாள், இரண்டு பேருமாகப் போய் மேடத்தைக் கேட்கலாம் என்று ஒரு நினைப்பு. அவளோ மீன் முள்ளை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகத் தலையை ஆட்டினாள்.

“அரே, நான் அப்பவே நினைச்சேன் பூங்கோடி, என் செடிக்கு மூஞ்சியே வேற!”

(என் பெயர் பூங்கொடி. தீவில் பாதிப் பேருக்கு நான் பூங்கோடிதான்.)

குளிர் யாருக்கு

வயிறு எரிய ஆள்தான் வேண்டும் என்பதில்லை. செடியும் போதும். என் செடிகளில் பாதியைக் குருத்தாக இருக்கும்போதே குளிர் அறைக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னார் மேடம். வாரக்கணக்கில் அவை அங்கேயே இருந்தன. உள்ளே போக எனக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார்கள். அந்தமானில் பிறந்து வளர்ந்தவள் நான். அதுவரை கம்பளியைப் போட்டதே இல்லை. “இந்த ஜாதிக் கடுகு குளிர் தேசத்துது. அதுக்குள்ள ஒரு ஜீன் பிரேக் போட்டு உட்கார்ந்திருக்கு. பனிக்காலம் கழிஞ்சுதுன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் பிரேக்கை விடும். நம்ம தீவில் பனிக்காலம் எவிடே? அதான் நாம உண்டாக்கிக் கொடுக்கிறோம்” என்றார் மேடம். ஷிப்ராவின் செடிக்கு இந்த பிரேக்கும் இல்லை, இந்த வம்பும் இல்லை.

அது மே மாதம். வீட்டில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. கயலுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. நான் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே, ஆராய்ச்சிக் கூடத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் எப்படி உடனே ஓடும், என் கடுகுகள் எப்படிக் கால்மேல் கால் போட்டுக் குளிரில் தூங்கும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் துண்டை நனைத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா கடுகாப் பொறந்துக்கிடுவோம் புள்ள. மனுசனாப் பொறந்து அட்டைதான் மிச்சம்.”

அடுப்பில் என்ன ஏறியிருக்கு

இலை கிள்ளுவது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். அறையில் பகல் முடிந்து விளக்கு அணையப்போகிற நேரம், தினமும் அதே நேரம், ஒரு இலையைக் கிள்ளி, அந்த மூச்சிலேயே திரவ நைட்ரஜனுக்குள் போடவேண்டும். புகை பொங்குகிற அந்தக் கேனை மாட்டு டாக்டர் ஆபீசிலிருந்து வாங்கி வருவோம். மாட்டுக்குச் சினை ஊசி மருந்தை அதில்தான் பாதுகாக்கிறார்கள். போட்ட இலை அப்பளம் மாதிரி விறைத்துவிடும். கொஞ்சம் தாமதித்தாலும் கிள்ளுப்பட்ட பயத்தில் இலை வேறு எதையோ செய்ய ஆரம்பித்துவிடுமாம்; பிறகு அதைப் பரிசோதித்துப் பயனில்லை.

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் தைரியமாகக் கேட்டேவிட்டேன். மேடம் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். “உன் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் உண்டல்லோ? எல்லா வீட்டிலும் உண்டு. ஆனா இன்னிக்கு எந்த வீட்டில் எதைத் தாளிச்சாங்கன்னு வாசனை பிடிச்சாத்தானே தெரியும்? அதுபோல எல்லா இலையிலும் எல்லா ஜீனும் இருக்கு. இப்போ எந்த ஜீன் அடுப்பில் ஏறியிருக்கு, எது சும்மா பெட்டியில் கிடக்குன்னு பார்க்கத்தான் இந்த இலை.” பூக்கச் சொல்கிற உத்தரவு இலையில் தயாராகித் தண்டு வழியாக நுனிக்குப் போகுமாம். நம் கண்ணுக்கு மொட்டு தெரிவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே உள்ளே அந்த வேலை ஆரம்பித்துவிடுமாம்.

அன்று கம்ப்யூட்டரில் இரண்டு அறை இலைகளின் கோடும் போட்டுக் காட்டினார். ஷிப்ராவுடையது மலை மாதிரி ஏறிப் போனது. என்னுடையது காற்றில்லாத நாளில் கடல் எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது. நான் திரையை நன்றாகத் துடைத்துக்கூடப் பார்த்தேன். ஷிப்ரா தீதி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, மேடத்துக்குக் கேட்காதபடி காதோடு சொன்னாள்:

“உன் வீட்டுல இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல போல!”

பேரிலே மட்டும்

ஒரு காலையில் ஷிப்ராவின் அறையிலிருந்து சத்தம். யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று ஓடினேன். முதல் பூ. குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக, நான்கு இதழோடு. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்களுக்குக் கடுகு தாளிப்போடு சரி. பெங்காலிகளுக்கு மீனும் கடுகு எண்ணெயில்தான், ஊறுகாயும் அதில்தான், பிள்ளைக்கு உடம்பு தேய்ப்பதும் அதில்தான். டிக்லிபூரில் நெல் அறுத்த பிறகு வயல் சும்மா கிடக்கும். மழை நின்று மண் காய்வதற்குள் பூத்துக் காய்த்து முடிக்கிற கடுகு கிடைத்தால் அவள் மாமனாருக்கு இரண்டாம் போகம். மேடத்தின் ஆராய்ச்சியே அதற்குத்தான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

மதியம் ரசகுல்லா கொண்டுவந்தாள். ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். மேடம் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். என் முதுகு சும்மாதான் இருந்தது. என் வாயில் ரசகுல்லா பஞ்சு மாதிரி இருந்தது. கேன்டீன்காரர் ஒரு தெலுங்குப் பெரியவர், எல்லாருக்கும் பாபு. டீ கொண்டுவந்த இடத்தில் பேச்சுவாக்கில் என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பூ நிறைந்த கொடி என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சையாகப் படுத்திருந்த என் தொட்டிகளை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

“அச்சா... அப்ப பேர்ல மட்டும்தானா, மகளே?”

பட்டுத்துணி வந்த கப்பல்

கடுகு தண்டு விட்டு நிமிர்ந்து மொட்டு கட்டுவதற்கு மேடம் ஏதோ ஆங்கிலப் பெயர் சொல்வார். எனக்கு நாக்கு புரளாது. நான் ‘வயசுக்கு வந்துடுச்சு’ என்பேன். ஷிப்ரா தீதிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அன்று சாயங்காலம் ஹட் பேயிலிருந்து என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, போன் செய்தார். சிக்னல் வந்து வந்து போனது. வயிற்றெரிச்சலில் எனக்கு வேறு பேச்சே வரவில்லை. “ஷிப்ராவோடது வயசுக்கு வந்துடுச்சு அண்ணி. ஒரே கொண்டாட்டம். ஸ்வீட்டெல்லாம் கொடுத்தா. என்னுது...” என்று ஆரம்பிக்கும்போது லைன் போய்விட்டது.

அடுத்த கப்பலிலேயே அண்ணி வந்து இறங்கினார். கையில் உளுத்தம் மாவு, கருப்பட்டி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், தட்டில் வைக்கப் பச்சைப் பட்டுத்துணி. பிள்ளையின் அளவு தெரியாததால் தைக்காமல் துணியாகவே கொண்டுவந்திருந்தார். போன தடவை வந்தபோது ஷிப்ரா மீன் குழம்பு கொடுத்தனுப்பினாளாம். அந்த மரியாதைக்கு முறை செய்யாமல் இருக்கலாமா என்றார். நான் விஷயத்தைச் சொல்வதற்குள் வழியிலேயே வீட்டை விசாரித்து ஷிப்ராவின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். “பொண்ணு எங்க? தனியா உக்கார வச்சிருக்கீங்களா?” ஷிப்ராவுக்கு இருப்பது ஒரே மகன் பாப்லு, கால்சட்டை இல்லாமல் வாசலில் பிளாஸ்டிக் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அண்ணிக்குத் தமிழிலும் ஷிப்ராவுக்கு ஹிந்தியிலும் விளக்கினேன். ஷிப்ரா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு, தட்டில் வைத்ததைத் திருப்பி எடுப்பது நம் வழக்கமில்லை என்று சொல்லி அவ்வளவையும் ஷிப்ராவிடமே கொடுத்துவிட்டார். உளுந்தங்களி கிண்டச் சொல்லிக் கொடுத்ததோடு, முதலில் பூத்த தொட்டிக்குக் குங்குமமும் வைக்கச் சொன்னார்.

கயல் பிறந்ததற்கு இதே அண்ணி ஒரு காட்டன் கவுன்தான் கொண்டுவந்தார் என்பதை இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு கடுகுக்குப் பட்டு! திரும்பும் வழி முழுக்க நான் நாலடி முன்னாலேயே நடந்தேன். அண்ணிக்கு என்னைத் தெரியாதா?

“மூஞ்சியத் தூக்காத. உன் கடுகும் ஒரு நாளைக்கு வயசுக்கு வரும், அன்னைக்கு உனக்கும் எடுத்தாறேன்.”

பேசாதவள்

என் வீட்டிலும் ஒருத்தி பூக்காமல் இருந்தாள். கயலுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள், வேண்டாததைத் தூக்கி எறிவாள், அவ்வளவுதான். காதெல்லாம் நன்றாக இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். பொறுமை நான் எங்கே வாங்குவது? ஷிப்ராவின் பாப்லு, கயல் போகிற அதே அங்கன்வாடியில் பெங்காலி, ஹிந்தி, தமிழ் மூன்றிலும் பேசி மூன்றிலும் சண்டை போடுகிறான். வேலை போய் ஹட் பேக்குப் போனால் இந்த அங்கன்வாடியும் போகும், இந்த டாக்டரும் போவார் என்பது வேறு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப் போக நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போவோம். ஷிப்ரா உதிர்ந்த கடுகுப் பூவைக் கையில் கொண்டுவந்து கயல் முகத்துக்கு நேரே நீட்டி, “போலோ கயல், ஃபூல்” என்பாள். ஹிந்தியிலும் பெங்காலியிலும் பூவுக்கு அதுதான் பெயர். “யாரைடி ஃபூல்ங்கிறா அவ?” என்று வீட்டுக்காரர் சீண்டுவார். எனக்கு ரோஷம். நான் அந்தப் பூவைப் பிடுங்கி, “பூ சொல்லு கண்ணு, பூ” என்பேன். கயல் என்னையும் பார்ப்பாள், அவளையும் பார்ப்பாள், பூவைத் தின்னப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் பதில் கிடையாது. அதிலாவது நானும் ஷிப்ராவும் சரிக்குச் சரி என்று ஒரு சின்னத் திருப்தி. ஒருநாள் இந்தப் போட்டியை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பாப்லுவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. தமிழில் சொன்னான்:

“நான் சொல்லித் தரட்டா ஆண்ட்டி? தெனம் ஒரு சாக்லேட் குடு, போதும்.”

யாருக்குக் கப்பல்

ஷிப்ராவின் செடிகள் பூத்து, காய்த்து, காய்ந்தும் போயின. விதையை உதிர்த்துப் பைகளில் கட்டினோம். என் செடிகள் அதே பச்சை, அதே படுக்கை. மேடம் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தபோது, ஹட் பே கப்பலுக்கு எப்போது டிக்கெட் போடவேண்டும் என்பதுவரை நான் மனசுக்குள் யோசித்துவிட்டேன். அறைக்குள் போகும்போது ஷிப்ரா தீதி என் கையைப் பிடித்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். அந்தக் கையைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. “ஷிப்ரா, உன் ரூம் வேலை முடிஞ்சு. ரொம்ப நல்லா செஞ்சே. அந்த ரூமை மூடறோம். பூங்கொடியோட ‘L’ செடிக்கு இன்னும் எத்தனையோ மாசம் வேலை இருக்கு. குளிர் கொடுத்ததில் பிரேக் எப்ப விடுது, குளிர் கொடுக்காததில் எத்தனை நாள் பிடிச்சு வைக்குதுன்னு பார்க்கணும். அடுத்த ப்ராஜெக்டே அதுதான். பார்க்கிற கை மாறக்கூடாது. அதனால பூங்கொடி இருக்கட்டும்.” அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வியா அது? “மேடம், லோக்கல் செடிக்கா இவ்வளவு?” என்று கேட்டுவிட்டேன். மேடத்துக்குப் புரியவில்லை. விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ‘E’ என்றால் எர்லி, சீக்கிரம் பூப்பது. ‘L’ என்றால் லேட், தாமதமாகப் பூப்பது. சீட்டு எழுதிய அன்றே அவருக்குத் தெரியும், என் செடி இப்போதைக்குப் பூக்காது என்று. பூக்காமல் நிற்பதுதான் அதன் வேலையாம்.

அப்படியென்றால் நான் எந்தப் பூவைப் பார்த்து இத்தனை நாள் வெந்தேனோ, அந்தப் பூதான் ஷிப்ராவின் வேலையை முடித்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு குதிக்கக் கால் வரவில்லை. ஷிப்ரா தீதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“முதல்லயே சொல்லியிருந்தா என் செடியைத் தாலாட்டித் தூங்க வச்சிருப்பேனே மேடம்!”

துணி தைத்து வந்தது

நான் திருந்திவிட்டேன் என்று நினைப்பீர்கள். அதற்குள் மேடம் ஒரு காரியம் செய்தார். ஆராய்ச்சிக் கூடத்துக் கொல்லையில் ஏற்கெனவே பெருக்கி வைத்திருந்த அந்த ‘E’ விதையை, டிக்லிபூரில் ஷிப்ராவின் மாமனார் வயலில் ஒரு மூலையில் போட்டுப் பார்க்கலாம் என்று கொடுத்தனுப்பினார். நெல் அறுத்ததும் விதைக்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஷிப்ராவுக்கு. வயலில் ஒரு தகரப் பலகை நடுவார்களாம், அதில் அவள் பெயர் இருக்குமாம். வேலை எனக்கு, பலகை அவளுக்கு! அந்த எரிச்சலில் இரண்டு வாளித் தண்ணீரை நான் தொட்டிக்கு வெளியே ஊற்றினேன்.

ஷிப்ரா டிக்லிபூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பாப்லுவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து பச்சைப் பட்டுப் பாவாடை சட்டை ஒன்றை எடுத்துக் கயல்மேல் வைத்து அளவு பார்த்தாள். அண்ணி கொண்டுவந்த அதே துணி. கராச்சர்மா டெய்லரிடம் கொடுத்து, ஓரத்தில் சரிகை வைத்துத் தைத்து வாங்கியிருக்கிறாள். பட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “பெருசா இருக்கே தீதி, பாவாடை தரையைக் கூட்டுதே” என்றேன்.

“உன் செடி பூக்குற அன்னிக்குத்தான் போடணும். உன் செடி வேகம் எனக்குத் தெரியும், அதுக்குத் தகுந்த மாதிரிதான் தைக்கச் சொன்னேன்.”

மஞ்சள்

அறை அமைதியாகிவிட்டது. வம்பிழுக்க ஆளில்லாமல் நான் செடிகளையே வம்பிழுத்தேன். சாயங்கால இலையை இரண்டு கையாலும் ஒருத்தியே கிள்ளி ஒருத்தியே கேனில் போடும்போது, எதிரே நின்று மூடியைத் திறந்து பிடிக்கிற அந்தக் கை எவ்வளவு வசதி என்று தெரிந்தது. ஒருநாள் மேடம் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். குளிரில் வைத்த செடிகளின் கோடு, காற்றில்லாத கடலில் முதல் அலை மாதிரி, லேசாக எழும்பியிருந்தது. “உள்ளே உத்தரவு போயாச்சு பூங்கொடி. வெளியே தெரிய நாளாகும்” என்றார். நாளானது. பிறகு ஒரு தொட்டி தண்டு விட்டு நிமிர்ந்தது. அப்புறம் மொட்டு. அப்புறம், ஒரு சனிக்கிழமை, பூ. குளிருக்குப் போகாத தொட்டிகள் மட்டும் இன்றைக்கும் கீரையாகவே படுத்திருக்கின்றன. அவற்றால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அவை நன்றாக இருக்கட்டும்.

அன்று அங்கன்வாடி லீவு. மேடத்திடம் கேட்டுத் தொட்டியை நடைக்குக் கொண்டுவந்து வைத்து, வீட்டுக்காரரை விட்டுக் கயலைக் கூட்டி வரச் சொன்னேன். பச்சைப் பாவாடை, இப்போது தரையைக் கூட்டவில்லை, கணுக்காலுக்குச் சரியாக இருந்தது. ஷிப்ராவுக்கு வீடியோ கால் போட்டேன். “தேக்கோ தீதி, என்னுது வயசுக்கு வந்துடுச்சு!” அவள் திரையில் கத்திய கத்தலில் கேன்டீன் பாபுவே எட்டிப் பார்த்தார். செல்போனைக் கயலிடம் திருப்பினேன். கயல் ஷிப்ராவைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். வாயைத் திறந்தாள்.

“ஃபூல்.”

தெளிவாக, கணீர் என்று. பெற்று வளர்த்துப் பேச்சு வராதா என்று ஏங்கியவள் நான். அம்மா இல்லை, அப்பா இல்லை, பூ கூட இல்லை. ஷிப்ரா சொல்லிக் கொடுத்த சொல். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் பாதி, அந்த இன்னொன்று பாதி. “பார்த்தியா தீதி, என் பிள்ளையும் உன் கட்சி” என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் கயலைத் தூக்கிக்கொண்டு நடை முழுக்கச் சுற்றினார். அவள் விடாமல் ஃபூல், ஃபூல் என்று என்னை நோக்கிக் கையை நீட்டினாள். திரையில் ஷிப்ரா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அரே பாகல், பைத்தியமே, ஃபூல்னா பூ, பூன்னா பூங்கோடி! அவ உன்னைத்தான் கூப்பிடுறா.”

அப்படிச் சொன்னவள் கையை வீசியபோது செல்போன் கொஞ்சம் விலகி, அவள் முதுகுக்குப் பின்னால் வயல் மூலை முழுக்க மஞ்சள், நடுவில் அவள் பெயர் போட்ட தகரப் பலகை எல்லாம் தெரிந்தன என்பதால், இந்தத் தொழிலில் நான் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: கடுகு பூக்கக் குளிர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், உள்ளே உத்தரவு வேண்டும், வயிற்றெரிச்சல் மட்டும்தான் எந்த மண்ணிலும் எந்தப் பருவத்திலும் தண்ணீர் ஊற்றாமலேயே பூக்கிறது.